பலாமரத்தில் கட்டிய சாக்கு

லாய வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பெண்களும் தினம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். குட்டியை எப்படிப் பிடிப்பது, எப்போது கயிறு போடுவது, தாய்க்குதிரை உதைக்க வந்தால் என்ன செய்வது என்று. வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் நம் குதிரை ரோசியின் முதல் குட்டி பிறந்த கதையை எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

1. நான் போவதற்குள் முடிந்தது

அன்று எங்கள் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து எஸ்டேட்டுக்கு வரும் ஜீப் வழியில் டயர் மாற்ற நின்றுவிட்டது. லாயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் காபிச் செடிகளின் மேல் ஏறியிருந்தது. வாசலில் காளியண்ணன் நின்றிருந்தார். எஸ்டேட்டின் குதிரைகள் ஐந்தும் அவர் பொறுப்பு. கைகளை முழங்கை வரை கழுவியிருந்தார். துண்டைத் தலையில் புதிதாகக் கட்டியிருந்தார்.

"வா கண்ணு. உன்ற ஜீப்பு வர்ற வரைக்கும் ரோசிக்குப் பொறுக்க முடியலியாமா. பொட்டக்குட்டி. போய்ப் பாரு போ."

குட்டி எழுந்து நின்றிருந்தது. பால்கூடக் குடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த காபிப்பழத் தோலின் நிறம். ஈரம் போகாத மயிர் முதுகில் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. நாலு கால்களும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்த்தன. அது விடாமல் வாலை ஆட்டியபடி மடியைத் தேடித் தேடிப் பிடித்தது. ரோசிக்கு அது தலையீத்து. எதற்கும் உதைக்காமல், தலையைத் திருப்பித் திருப்பிக் குட்டியின் பின்புறத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் நல்லபடியாக இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். தரை கூட்டிக் கழுவிச் சுத்தமாக இருந்தது.

"கொடி விழுந்துருச்சாங்கண்ணா?"

"அதெல்லாம் அப்பவே விழுந்துருச்சு."

"எங்கெ?"

அவர் மோவாயால் காட்டினார். லாயத்துக்கு எதிரே நிற்கும் பலாமரத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, ஒரு சாக்கு கட்டித் தொங்கியது.

மலைக்குக் கீழே, சமவெளியிலிருந்து வந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பசு கன்று போட்டால் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, பால் வடிகிற மரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாய் இழுக்கக் கூடாது, மண்ணில் புதையக் கூடாது. மரத்தில் பால் ஊறுவதுபோல் மடியிலும் ஊறும் என்பார்கள். எஸ்டேட் முழுக்க சில்வர் ஓக் நின்றாலும் அதில் கட்டமாட்டார்கள். பலாவில்தான், அத்தியில்தான் கட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் குதிரைக்கு என்று தனியாக ஒரு வழக்கம் எங்கள் எஸ்டேட்டில் இல்லை. ஜீப் ஏறாத மேல் காட்டிலிருந்து காபி மூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்து இறங்கிய குதிரைகள் எல்லாமே வளர்ந்த பிறகு வாங்கி வந்தவை. இங்கே குட்டி போட்ட முதல் குதிரை ரோசிதான். காளியண்ணனும் அவர் மனைவி ராசம்மா அக்காவும் தங்கள் பசுவுக்குச் செய்ததை அப்படியே ரோசிக்கும் செய்திருந்தார்கள்.

2. இரண்டு கால் சட்டை

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இதே எஸ்டேட்டில் பழம் பறித்தவர்கள். நான் பத்தாவது தேறியதும் ரைட்டர் ஆரோக்கியசாமி சார் என்னை ஸ்டோரில் சேர்த்தார். அடுத்த வருடம் லாயத்துக்கு மாற்றினார். எஸ்டேட்டில் அன்றாட வேலையை எல்லாம் நடத்துகிறவர் அவர்தான். "பாப்பாத்தி, குதிரை வேலை காளியண்ணன் பாத்துக்குவான். மருந்து, தீவனம், டாக்டர் சொல்றது இதையெல்லாம் புரிஞ்சுக்க ஒரு ஆளு வேணும். நீ இரு," என்றார். லாயத்தில் அதுவரை பெண்கள் வேலை செய்ததில்லை.

ரோசி சினையானதும் அவர் என்னைத்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா நான் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் நின்று பதில் சொன்னார். கடைசியில் ஒன்றை இரண்டு தரம் சொன்னார்.

"கொடி விழுந்ததும் தூக்கிப் போடக் கூடாது. தரையில விரிச்சுப் பாரு. ரெண்டு கால் சட்டை மாதிரி இருக்கும். ஒரு கால் பெரிசு, ஒரு கால் சின்னது. ரெண்டு நுனியும் மூடியிருக்கணும். சின்னக்கால் நுனிதான் அடிக்கடி அறுந்து உள்ளேயே நின்னுடும். பசு தாங்கும். குதிரை தாங்காது. உள்ளங்கை அளவு துண்டு போதும். காய்ச்சல் வந்து, நாலு குளம்பும் சூடாகி, நிக்க முடியாமப் படுத்துடும். படுத்த குதிரை எந்திரிக்கறது கஷ்டம். அப்புறம் பால் இல்லாத குட்டியை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அந்தக் கால்சட்டையைத்தான் நான் அன்று காலை தேடினேன். அது மரத்தில் இருந்தது.

3. மிளகு ஏணி

"அண்ணா, அதைக் கொஞ்சம் எறக்கோணும். விரிச்சுப் பாத்துட்டுத் திரும்பக் கட்டிரலாம்."

காளியண்ணன் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்காமல் நின்றதும் அவர் முகம் மாறியது.

"எறக்கறதா? கட்டுன சாக்கை எறக்குனா மடி வத்திப்போகும் சாமி. யாரும் செய்யமாட்டாங்க."

"துண்டு உள்ள நின்னுருந்தா ரோசியே இருக்காதுங்கண்ணா. டாக்டரம்மா சொன்னாங்க."

"முழுசாத்தான் விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"விரிச்சுப் பாத்தீங்களா?"

"அதெ எதுக்கு விரிக்கறது? சேலையா, மடிப்பு பாத்து வாங்கறதுக்கு?"

ராசம்மா அக்கா பால் சொம்போடு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "ஏ புள்ள, பச்ச ஈத்துக்காரி மாடோ குதிரையோ, அவ கொடியத் தொட்டு எறக்குவியா? உன்ற அம்மா கேட்டா உன்னைய ஊட்டுக்குள்ள உடுவாளா?"

சத்தம் கேட்டு ரைட்டர் சாரும் வந்தார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. காளியண்ணன் கோபித்துக்கொண்டு துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போனால் குதிரைகளை மேல் காட்டுக்கு ஓட்ட ஆள் இல்லை.

"பாப்பாத்தி, குதிரை நல்லாத்தானேம்மா நிக்குது?"

"இப்ப நல்லாத்தான் நிக்கும் சார். நாளைக்குத்தான் தெரியும். தெரிஞ்சப்பறம் ஒண்ணும் செய்ய முடியாதுன்னாங்க."

"சரி. நான் வேண்டாம்னும் சொல்லல, எறக்குன்னும் சொல்லல. பால் கொறஞ்சா அந்தப் பழி உன்ற மேலதான். நீ பழையபடி ஸ்டோருக்கே போயிர வேண்டியதுதான்."

"சரிங்க சார்," என்றேன்.

யாரும் மரம் ஏற வரவில்லை. மிளகு ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை மூங்கிலில் கணு விட்டு வெட்டிய ஏணி கிடக்கும். மிளகு பறிக்கிற ஏணி. அதில் ஏறி ஏறித்தான் அம்மா எங்களை வளர்த்தாள், நானும் பள்ளிக்கூட லீவில் ஏறியிருக்கிறேன். அதைத் தோளில் தூக்கி வந்து பலாமரத்தில் சாய்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

"பத்தாங்கிளாசு படிச்சது பலாமரம் ஏறறதுக்குத்தானாக்கும்!" என்றார் ராசம்மா அக்கா.

"படிக்காம இருந்தாலும் ஏறியிருப்பேன்க்கா. எதுக்கு ஏறறேன்னு தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்," என்றேன் மேலேயிருந்து. அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறையவில்லை.

காளியண்ணன் இறுக்கமான கட்டுப் போட்டிருந்தார். பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது.

4. தண்ணீர் ஊற்றிப் பார்த்தது

முதலில் சாக்கைக் காபி காயும் சிமெண்ட் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரைட்டர் சார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தார். "அம்மா தாயே, பார்ச்மெண்ட் காபிக்கொட்டை காயற எடம்! அங்க வேண்டாம்." அதனால் லாயத்துக் குழாயடிக் கல்லில் விரித்தேன்.

கொழகொழவென்று கனமாக இருந்தது. ஒரு பக்கம் சிவப்பு வெல்வெட் மாதிரி, மறுபக்கம் வெள்ளை வழுவழுப்பு. ரத்தக் குழாய்கள் வேர் போல ஓடின. குட்டி கிழித்துக்கொண்டு வந்த வாய் இடுப்புப் பக்கம் இருந்தது. அதை அடையாளம் வைத்து மெல்ல நீவி நீவிப் பரப்பினேன். கால்சட்டை வந்தது. டாக்டரம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது. ஒரு கால் பெரிது, ஒரு கால் சின்னது.

குடத்தில் தண்ணீர் எடுத்துப் பெரிய காலுக்குள் ஊற்றினேன். நுனி பலூன்போல உப்பியது. ஒழுகவில்லை. சின்னக்காலுக்குள் ஊற்றினேன். தண்ணீர் நுனி வழியாக நேரே கல்லில் கொட்டியது. நுனி இல்லை. விளிம்பு பிசிர் பிசிராக இருந்தது.

ராசம்மா அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சாக்குல திணிக்கறப்பக் கிழிஞ்சிருக்கும்," என்றார் காளியண்ணன். நியாயமான பேச்சுதான். எனக்கும் அது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்படின்னா துண்டு சாக்குலதானுங்களே இருக்கோணும்?"

சாக்கைத் தலைகீழாக உதறினேன். வைக்கோலை ஒவ்வொரு கொத்தாகப் பிரித்தேன். ராசம்மா அக்கா வாய்க்குள் திட்டிக்கொண்டே எதிரே உட்கார்ந்து அவரும் பிரித்தார். கழுவிய தரையின் சாக்கடையில், குப்பையில், குதிரையின் கால் அடியில் எல்லாம் தேடினோம். துண்டு எங்கும் இல்லை.

காளியண்ணன் எழுந்து உள்ளே போனார். ரோசியின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் குந்தி, குளம்பைச் சுற்றி உள்ளங்கையை வைத்தார். பிறகு அடுத்த கால். நாலு காலையும் தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

"இன்னும் குளுந்துதான் இருக்குதுங்க சார்," என்றார் ரைட்டரிடம். குரல் இறங்கியிருந்தது. "டாக்டரம்மாவைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

ரைட்டர் சார் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

5. குட்டியைப் பிடித்த விதம்

டாக்டரம்மா வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்ததால் வந்து சேர நேரமாயிற்று. வந்ததும் கல்லின் மேல் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தார். பிசிர் விளிம்பை விரலால் தூக்கினார். "உள்ளதான் இருக்கு," என்றார். என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

வாலைச் சுற்றித் துணி கட்டி, கழுவி, கை நீளத்துக்குக் கையுறை மாட்டிக்கொண்டார். காளியண்ணன் ரோசியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இடைஞ்சலாக இருக்கும் என்று ராசம்மா அக்கா குட்டியைப் பின்னால் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கேதான் தப்பு நடந்தது. குட்டி கண்ணிலிருந்து மறைந்ததும் ரோசி கனைத்துக்கொண்டு திரும்பியது. பின்னங்கால் வீசியதில் தண்ணீர் வாளி சுவரில் போய் மோதி நசுங்கியது. டாக்டரம்மா ஒரு அடி தள்ளி நின்றிருந்ததால் தப்பினார்.

"குட்டியை அவ மூக்குக்கு முன்னாடி கொண்டுவாங்க! அவ பாத்துக்கிட்டே இருக்கணும். அசையாமப் பிடிங்க."

நான் போனேன். ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். குட்டி பின்னால் பாய்ந்தது.

"கழுத்தை விடு! ஒரு கை மார்புக்கு முன்னால. ஒரு கை தொடைக்குப் பின்னால, வாலுக்குக் கீழ. வேலி மாதிரி நில்லு. முன்னயும் போக முடியாது, பின்னயும் போக முடியாது. இறுக்காதே," என்றார் டாக்டரம்மா.

அப்படியே செய்தேன். பிறந்த அன்றே அதற்கு இருந்த பலம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திமிறியது, உதறியது, என் கால்விரலை மிதித்தது. நான் இறுக்கவில்லை, விடவும் இல்லை. அது முன்னால் தள்ளும்போது முன்கை தாங்கியது. பின்னால் தள்ளும்போது பின்கை தாங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் மூச்சு மாறியது. உடம்பு தளர்ந்து நின்றது. அது நின்ற அந்த நொடியில் நானும் கையைத் தளர்த்தினேன். கை அங்கேயேதான் இருந்தது, பிடி மட்டும் இல்லை. மறுபடி திமிறியது, மறுபடி வேலி. மறுபடி நின்றது, மறுபடி தளர்த்தினேன். மூன்றாவது தரம் அது திமிறவே இல்லை. தலையை என் இடுப்பில் சாய்த்துக்கொண்டது.

ரோசி மூக்கை நீட்டிக் குட்டியின் நெற்றியில் வைத்துக்கொண்டது. வைத்த மூக்கை எடுக்கவே இல்லை. காளியண்ணன் அதன் முன்னங்கால் ஒன்றை மடக்கிப் பிடித்துக்கொண்டு காதோடு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறார்.

டாக்டரம்மா தோள்வரை கையை விட்டுத் தேடினார். முகத்தில் வேர்வை வழிந்தது. இழுக்காமல், உரித்து உரித்து எடுத்தார். கையை வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவே வெற்றிலை அளவில் ஒரு துண்டு இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கல்லில், சின்னக்காலின் நுனியில் வைத்தார். பிசிரோடு பிசிர் பொருந்தியது.

பிறகு உப்புநீர் விட்டுக் கழுவினார், ஊசிகள் போட்டார். "காய்ச்சல் கொஞ்சம் வரும். குளம்பு சூடாகாம பாத்துக்கங்க. குளிர்ந்த தண்ணியில நிறுத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காளியண்ணன் குழாயடிக் கல்லைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் கீழே உட்கார்ந்து, அந்தத் துண்டையும் சேர்த்து எல்லாவற்றையும் புது வைக்கோலில் சுருட்டினார். சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். ஏணியை அவரே நிமிர்த்தினார்.

"எறக்குனதைத் திரும்பக் கட்டலாமுங்களா?" என்றார் ராசம்மா அக்கா.

"அப்பக் கட்டுனது கொறையாக் கட்டுனது. அது சேராது. இப்பத்தான் முழுசாச்சு," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

6. பால் குறைந்தது

அத்தோடு முடிந்திருந்தால் நான் அன்றைக்கே கொடி கட்டிப் பறந்திருப்பேன். மறுநாள் ரோசிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு பாலும் குறைந்தது.

குட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வயிறு நிறைந்த குட்டி குடித்ததும் படுத்துத் தூங்கும். இது குடித்துவிட்டும் படுக்காமல் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. வாயைச் சுற்றிப் பால் நுரை இல்லை.

"அப்பவே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் ராசம்மா அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி. "மரத்துல இருக்கறத எறக்கிப் பாக்கறாளாமா, மரத்துல."

ரைட்டர் சார் மடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அது இன்னும் பயமாக இருந்தது. ஸ்டோரில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது.

நான் அழவில்லை. அழுதால் குட்டிக்குப் பால் வராது. ராசம்மா அக்கா ஊட்டுக்குப் போய் அவருடைய பசுவின் பாலைக் கேட்டேன். ஒரு நிமிடம் என்னை முறைத்தார். "குட்டி என்ன பாவம் பண்ணுச்சு," என்று சொம்பை நிறைத்துக் கொடுத்தார். பசும்பாலை அப்படியே கொடுத்தால் குதிரைக்குட்டிக்கு வயிறு போகும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கலந்து, கொஞ்சம் சர்க்கரை போட்டு, இளஞ்சூட்டில் எனாமல் கிண்ணத்தில் எடுத்துப் போனேன். விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்தேன். சப்பியது. சப்பச் சப்ப விரலைக் கிண்ணத்துக்குள் இறக்கினேன். மூக்கை முக்கித் தும்மி என் முகமெல்லாம் பால் ஆக்கியது. அடுத்த தடவை தும்மாமல் குடித்தது. தாயை மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் முதலில் ரோசியிடம் விட்டு, அது குடித்த பிறகுதான் கிண்ணம் காட்டினேன்.

காளியண்ணன் ரோசியைக் காபிப்பழத் தோல் கழுவும் ஓடைக்கு நடத்திக்கொண்டு போய்க் கணுக்கால் தண்ணீரில் நிறுத்தினார். மாசி மாதத்து ஏற்காட்டுத் தண்ணீர். அவரும் அதிலேயே நின்றார். பல் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் பீடி பற்றவைத்தார். குட்டியைக் கரையில் ரோசியின் கண்ணுக்கு முன்னால், அதே வேலிப்பிடியில், நான் வைத்திருந்தேன்.

"ஏங்கண்ணு," என்றார் ஒருநாள் தண்ணீரில் நின்றபடி, "அன்னிக்கு நான் எறக்க உட்டிருக்கலைன்னா?"

"நீங்க எங்கெ உட்டீங்க? நானேதான ஏறினேன்."

"ஏணியப் புடிங்கி எறிஞ்சிருக்கலாமுல்ல? எறியலையே," என்றார். அதுவும் உண்மைதான்.

குளம்பு சூடாகவே இல்லை. காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கிண்ணத்தோடு போனேன். குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு முன்காலால் தட்டிக் கவிழ்த்தது. பார்த்தால் ரோசியின் காம்பில் பால் சொட்டி நின்றது. குட்டியின் மூக்கெல்லாம் நுரை. குடித்துவிட்டு வைக்கோலில் சாய்ந்து, காலை நீட்டித் தூங்கிப் போனது.

ராசம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலாமரத்தை அண்ணாந்து பார்த்தார். "முழுசாக் கட்டுனதுக்கு அப்பறம் பால் எறங்காம எங்கெ போகும்?"

நான் மறுத்துப் பேசவில்லை. ஊசியால் வந்ததோ, ஓடையால் வந்ததோ, மரத்தால் வந்ததோ, பால் குட்டியின் வயிற்றுக்குத்தான் போனது. ஸ்டோர் நாற்காலிப் பேச்சும் அதோடு நின்றது. குட்டிக்குச் சிட்டு என்று பெயர் வைத்தவர் ரைட்டர் சார்.

7. சிட்டுக்கு நான் சொல்லிக் கொடுத்தது

குட்டியை இரண்டு வருடம் சும்மா விட்டு, பிறகு கயிறு போட்டு இழுத்து அடக்குவதுதான் காளியண்ணன் வெளியிடங்களில் கண்ட வழி. ஆனால் சிட்டுவை முதல் நாளே பிடித்தாகிவிட்டது. நான் அதைத் தொடர்ந்தேன்.

தினமும் கொஞ்ச நேரம்தான். காது, வயிறு, காலின் உள்பக்கம் எல்லாம் தடவுவேன். காலைத் தூக்கிப் பிடித்து, அது உதறாமல் இருக்கும்போது மட்டும் கீழே வைப்பேன். உதறும்போது வைத்தால், உதறினால் விட்டுவிடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். மெத்தென்ற தலைக்கயிறு போட்டபோது முன்னால் இழுக்கவில்லை. பின்தொடையைச் சுற்றி இன்னொரு கயிறு போட்டு, அதனால் மெல்ல அழுத்தி நடக்க வைத்தேன். பிஞ்சுக் கழுத்தை இழுத்தால் குட்டி பின்னால் மல்லாந்து விழும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் சிட்டுவோடு முட்டி விளையாட வருவார்கள். கடித்தால் சிரிப்பார்கள். நான் விரட்டிவிடுவேன்.

"பெரிய டீச்சரம்மா, குட்டிகூட வெளையாடக் கூடாதாமா?" என்பார்கள்.

"இன்னிக்கு முட்டறது வெளையாட்டு. நாளைக்கு இது குதிரை. அன்னிக்கு முட்டுனா உன்ற பல்லு எங்கெ விழும்னு தேடோணும்," என்பேன்.

ரோசி மறுபடி மூட்டை சுமக்க ஆரம்பித்ததும் சிட்டு கூடவே போயாக வேண்டும். கிளியூர் ரோட்டைக் கடக்கும் இடத்தில் பஸ் வரும். முதலில் தூரத்தில் நின்று பார்க்க வைத்தேன். பிறகு வேலி ஓரம், பிறகு ரோட்டோரம். டிரைவர் ஒருவர் எங்களைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போவார். இன்னொருவர் பார்த்தால்தான் அடிப்பார். இரண்டுக்கும் சிட்டு பழகியது.

சேலத்திலிருந்து லாடக்காரர் வந்த அன்று, குளம்பு சீவ சிட்டுவின் காலைத் தொட்டார். அதுவே தூக்கிக் கொடுத்தது. "என்ற பையனுக்கு நகம் வெட்டறதுக்கு நாலு பேரு புடிக்கோணும்," என்றார் அவர். "எதுக்கும் அவனையும் இங்க கொண்டுவந்து உட்டுப் பாக்கறேன்."

அடுத்த வாரம் காளியண்ணன் புதிதாக வாங்கி வந்த முரட்டுக் குதிரையின் காலைத் தூக்கிக்கொண்டு, அது உதறுவதை நிறுத்தும்வரை பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்தேன்.

8. இரண்டாவது சாக்கு

ரோசி அடுத்த குட்டி போட்ட காலையிலும் எங்கள் ஜீப் தாமதம். ஓட்டமும் நடையுமாக வந்தேன். முதலில் பலாமரத்தைப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை. ஏணி மட்டும் சாய்ந்திருந்தது.

குழாயடிக் கல் கழுவியிருந்தது. அதன் மேல் இரண்டு கால் சட்டை மடிப்பில்லாமல் விரித்திருந்தது. பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர், மடித்த சாக்கு, வைக்கோல், கயிறு. காளியண்ணன் குந்தியிருந்தார். காக்காய் வராமல் ராசம்மா அக்கா கையில் குச்சியோடு நின்றிருந்தார்.

"நீங்களே ஊத்திப் பாத்திருக்கலாமேண்ணா."

"பாத்தாச்சு. ரெண்டு நுனியும் முழுசு. ஆனா இவ கட்ட உட மாட்டீங்கறா. பாப்பாத்தி வந்து பாக்காமக் கட்டுனா பால் நிக்காதாமா."

"பின்னெ?" என்றார் ராசம்மா அக்கா. "மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

நான் தண்ணீர் ஊற்றினேன். பெரிய கால் உப்பியது. சின்னக்கால் உப்பியது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"கட்டுங்கண்ணா," என்றேன்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது இதுதான். மரத்தில் கட்ட வேண்டாம் என்று யாரிடமும் ஒருநாளும் சொல்லாதீர்கள். நாய் வாயில் போகாமல், குழியில் புதையாமல் அந்தக் கொடி அன்று என் கைக்குக் கிடைத்ததே அந்தப் பலாமரத்தால்தான். கட்டுவதற்கு முன் விரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குள் கட்டிவிட்டிருந்தால், யார் என்ன சொன்னாலும் இறக்கிப் பாருங்கள். மிளகு ஏணி இன்றும் அதே ஷெட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.